கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்

அக்டோபர் 4

ஒருவழியாக வந்து சேர்ந்தோம். நாகர்கோவிலில் ரயில் ஏறியது முதல் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்த ஆன்சி, சரியாக இறங்க வேண்டிய இடம் வந்ததும் தூங்கிப்போனாள். நான்கு வயதுப் பிள்ளை தூங்கும்போது மட்டும் எப்படி இவ்வளவு கனக்கிறது என்று தெரியவில்லை. ஒரு தோளில் அவள், மறு தோளில் துணிப்பை, கையில் என் கருவிகள் இருக்கும் தகரப்பெட்டி. அழைத்துப்போக வந்த வேன் டிரைவர் எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மேடம் வர்லயா?"

"மேடம் மஸ்கட்ல. ஆர்ட்டிஸ்ட் நான்தான்."

"அப்ப கொழந்தைய யாரு பாத்துக்கிறது?"

அதற்கும் நான்தான் என்றேன். புதுச்சேரி வரும் வரை அவர் அப்புறம் பேசவில்லை.

குழந்தை வளர்க்கும் கலைஞர்களுக்கென்றே ஒரு ரெசிடென்சி. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, முந்திரித் தோப்புக்கு நடுவில். தங்க வீடு, வேலை செய்ய ஸ்டுடியோ, மண், சூளை, காலை நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஊரில் அக்காவிடம் 'டிரெயினிங்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால், "மண்ணு பிசைய வீடும் குடுத்து, பிள்ளையையும் பாப்பாவளா? நல்லா விசாரிச்சியாடே?" என்று கேட்டிருப்பாள்.

அறையில் ஒரு வரவேற்புப் பை இருந்தது. கொசுவலை, வண்ணக் கட்டிகள், இந்த நோட்டு, அப்புறம் பிறைநிலா வடிவத்தில் ஒரு தலையணை. இது எதற்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பால் கொடுக்கும்போது மடியில் வைத்துக்கொள்வதாம். இந்த இடத்தை நடத்தும் காஞ்சனா மேடத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"சாரி டென்சிங். இதுவரைக்கும் அம்மாக்கள்தான் வந்திருக்காங்க. நீங்கதான் முதல் அப்பா."

"பரவால்ல மேடம். எனக்கும் முதுகுவலி உண்டு" என்றேன்.

அக்டோபர் 6

மஸ்கட்டில் இருக்கும் பிரீடாவுக்கு வீட்டைப் போனில் காட்டினேன். சமையலறை, கட்டில், ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரம், எல்லாம் பார்த்தாள். ஆபரேஷன் தியேட்டர் டியூட்டி முடிந்து பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

"நல்லாருக்குங்க. சாப்பாடு எப்படி? மீனு கிடைக்கா?"

"மீனுக்கென்ன பிள்ளே. குழம்புதான் நம்ம குழம்பு இல்ல."

"பிள்ளைக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டுதியளா?"

ஆமாம் என்றேன். நாளைக்குத் தேய்த்துவிட வேண்டும்.

இதையும் எழுதிவைக்கிறேன். நவம்பர் இருபத்தைந்துக்குள் அவள் வேலை ஒப்பந்தத்தில் மறுபடியும் கையெழுத்துப் போடுகிறாளா இல்லையா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாக வேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருஷம். நவம்பர் கடைசியில் இங்கே ஒரு கமிட்டி வந்து என் வேலையைப் பார்க்கும். பிடித்துப்போனால் வருகிற ஒரு வருஷம் முழுக்க உதவித்தொகை, பிள்ளையைப் பார்க்கும் ஆளோடு சேர்த்து. வேலை நன்றாக வருகிறது என்று அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டால் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். வரவில்லையென்றால் போடுவாள். இதை நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அக்டோபர் 9

ஆன்சியைப் பார்த்துக்கொள்ள வருபவர் பெயர் தனகோடி. பக்கத்துக் குப்பம். முதல் நாள் ஆன்சி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய நிம்மதி. நான்தான் தண்ணீர் குடிக்க, பென்சில் எடுக்க, கதவு சாத்தியிருக்கிறதா பார்க்க என்று வெளியே வந்துகொண்டே இருந்தேன்.

"சார், இன்னும் ஒரு தபா வந்தீங்கன்னா நான் உங்களயும் சேத்து வெச்சி சோறு ஊட்டிடுவேன். போங்க சார் உள்ள" என்றார் தனகோடி.

உள்ளே போனேன்.

அக்டோபர் 13

வேலை பிடிபட்டுவிட்டது. மண்ணில் அட்டைப்பெட்டிகள் செய்கிறேன். கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மேலே பெயர் எழுதி, ஏர்போர்ட்டில் உருண்டு வருமே, அந்தப் பெட்டிகள். உள்ளே காலி. அட்டையின் மடிப்பு, ஈரத்தில் ஊறிய மூலை, கயிறு அழுத்திய இடத்தில் விழும் பள்ளம் எல்லாம் மண்ணில் அச்சாக வருகிறது. வருஷா வருஷம் சர்ச் குடில்களுக்கு பிளாஸ்டரில் மாடும் ஆடும் செய்து செய்து மரத்துப்போன கை. இப்போது விரல் நுனியில் சுறுசுறுவென்று இருக்கிறது.

காஞ்சனா மேடம் வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வீட்டை நினைச்சு செய்றீங்களா?"

"இல்ல மேடம், சும்மா ஒரு வடிவப் பயிற்சி" என்றேன். அப்படித்தான். ஒரு பெட்டியின் மேல் பெயர் எழுதுமிடத்தில் 'பிரீடா டென்சிங்' என்று இருப்பது, ஏதாவது ஒரு பெயர் எழுத வேண்டுமே என்பதற்காக.

அக்டோபர் 16

மண் உள்ளே காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். எடுத்துக் கன்னத்தில் வைப்பது. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, சூளையில் வைக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு இருந்தால் சரி. காலேஜிலிருந்தே பழக்கம்.

இன்று முதல் பெட்டியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆன்சி.

"தனகோடி ஆன்ட்டீ! எங்கப்பா பெட்டிக்கு முத்தம் குடுக்கு!"

விளக்கிச் சொன்னேன். தப்பாகிவிட்டது. சாயங்காலத்திலிருந்து கண்டதையெல்லாம் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். இட்லி காய்ந்துவிட்டது. அவளுடைய ஜட்டி காயவில்லை. வாசலில் படுத்திருக்கும் நாய் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

அக்டோபர் 20

மழை பிடித்துக்கொண்டது. துணியும் காயவில்லை, மண்ணும் காயவில்லை. சூளை அறையில்தான் கொஞ்சம் வெதுவெதுப்பு. மேல் தட்டில் பெட்டிகள், கீழ்த் தட்டில் ஆன்சியின் கவுன்கள். பெட்டி மூடிகள் வளையாமல் இருக்க அந்தப் பிறைத் தலையணையை அண்டை கொடுத்திருக்கிறேன். இவ்வளவு உபயோகமான பொருள் வேறு எதையும் இங்கே கொடுக்கவில்லை.

அக்டோபர் 23

மழையில் தனகோடி வரவில்லை. ஆன்சியை ஸ்டுடியோவில் வைத்துக்கொண்டேன். சும்மா இருக்கட்டும் என்று ஒரு பெரிய உருண்டை மண் கொடுத்தேன். இரண்டு கையாலும் அடித்து, உருட்டி, ஒரு பக்கம் கிள்ளி மூக்கு வைத்து, தலையில் இட்லி மாதிரி ஒன்றை ஒட்டினாள். என் முழங்கை உயரம் இருக்கும். கால் இல்லை. நிற்கிறது.

"யாரு மக்ளே இது?"

"அம்மா."

"தலையில என்னது?"

"தொப்பி."

ஒருநாளும் இப்படி அசையாமல் உட்கார்ந்து அவள் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. பிரீடா ஊரைவிட்டுப் போகும்போது இவளுக்கு இரண்டு வயது. நடுவில் ஒருமுறை லீவில் வந்தாள். மற்றபடி இவளுக்கு அம்மா என்பது என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போன். இதை நான் பெரிதாக நினைப்பதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கின்றன.

அக்டோபர் 24

தொழில் விஷயம் ஒன்று. அந்தப் பொம்மை உள்ளே முழுக்க மண். கெட்டி. இவ்வளவு தடிமனான மண்ணை அப்படியே சுடக் கூடாது. நடுவில் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளேயிருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி ஒட்ட வேண்டும். அதுதான் முறை. பிள்ளைக்குத் தெரியாமல் செய்திருக்கலாம். நான் அறிவாளியல்லவா, அவளுக்கு முன்னால் கம்பியை எடுத்தேன்.

"அம்மாவ வெட்டாதப்பா!"

முந்திரித் தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். தனகோடி கரண்டியோடு ஓடி வந்தார். ஆன்சி பொம்மையைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் படுத்துக்கொண்டு, மூச்சு முட்ட அழுதாள். அதன் மூக்கு நசுங்கிவிட்டது. அதற்கு இன்னொரு அழுகை.

கம்பியைத் தகரப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

மழை.

நவம்பர் 2

நாளை சூளை ஏற்ற வேண்டும். நாளை சுட்டால்தான் கமிட்டி வருவதற்குள் இரண்டாவது முறை மெருகு போட்டுச் சுட முடியும். பெட்டிகள் எல்லாவற்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. மெல்லிய சுவர்தானே.

ஆன்சி பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"பெட்டியெல்லாம் போவுதுல்லா. அம்மாவும் அதுகூட போணும்."

பொம்மையை வாங்கிக் கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது.

மழைக்காலத்தில் எல்லாமேதான் சில்லென்று இருக்கிறது. தரை, சுவர், என் கன்னம். பத்து நாளாகச் சூளை அறையில் இருந்திருக்கிறது, காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நடுத்தட்டில், பெட்டிகளுக்கு மத்தியில், பத்திரமான இடமாகப் பார்த்து வைத்தேன். ஆன்சி டாட்டா காட்டினாள்.

நவம்பர் 3

காலையில் சூளையைப் பற்றவைத்தேன். தீ சின்னதாகத்தான் வைத்திருந்தேன். மதியம் ஆன்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம். டப். அதைத் தொடர்ந்து ஓடு சரிவது போல இன்னொரு சத்தம்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுல்ல மக்ளே. வாயத் திற."

நவம்பர் 5

சூளை ஆறியதும் திறந்தேன். ஆன்சியைத் தள்ளி இருக்கச் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

உள்ளே தங்கிய தண்ணீர் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடித்திருக்கிறது. நடுத்தட்டு முழுவதும் போய்விட்டது. பொம்மை இருந்த இடத்தில் பொடியும் சில்லும். தட்டைத் தாங்கிய கால் ஒன்று சாய்ந்து, மேலே இருந்த பெட்டிகளும் சரிந்து கிடந்தன. பெயர் எழுதிய பெட்டி பெயருக்கு நடுவில் பிளந்திருந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் பிழைத்தன.

முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். கன்னம் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

ஆன்சி அழவில்லை. எட்டிப் பார்த்தாள். "அம்மா எங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பொடிக்குள்ளிருந்து தொப்பியை எடுத்தாள். அது மட்டும் முழுசாக இருந்தது.

காஞ்சனா மேடம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்ட ஆரம்பித்தார்.

நவம்பர் 6

பிரீடா கேட்டாள், "சூளை தொறந்தாச்சா? எப்படி வந்துருக்கு?"

"அருமையா வந்துருக்கு பிள்ளே" என்றேன்.

உண்மையைச் சொன்னால் நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவாள். புதிதாகச் செய்துவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இந்த மழையில் இப்போதிலிருந்து பத்து நாளைக்குள் செய்வதுதான் கமிட்டி வருவதற்குள் காயும். அதற்குப் பிறகு செய்வது காயாது. கை நிறைய வேலை இருக்கிறது.

நவம்பர் 7

ஆன்சி போனுக்கு வரமாட்டேன் என்கிறாள். தூக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் 8

இன்றும் வரவில்லை. போன் அடித்ததும் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். இரண்டு பெட்டிகள் எழுப்பியிருக்கிறேன். சுவர் நேராக நிற்கவில்லை.

நவம்பர் 10

"இன்னைக்கும் குளிக்காளா?" என்று கேட்டாள் பிரீடா.

நான் கட்டில் பக்கம் பார்த்தேன்.

"அவ என்ன மறந்துட்டாங்க. அதான் விஷயம். நீங்க என்னத்துக்கு மறைக்கியோ? பிள்ளையச் சொல்லிக் குத்தமில்ல. போனுல வாற ஆளு எத்தன நாளுக்கு அம்மையா இருக்க முடியும்? வந்தாலும் அவளுக்கு நான் புது ஆளுதான். அப்படின்னா இன்னும் ரெண்டு வருசம் நின்னுட்டே வாறேன். அவ படிப்புக்காவது ஆவும்."

வைத்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆன்சி அந்தத் தொப்பியைக் கையில் வைத்திருந்தாள்.

"அம்மாட்ட ஏன் மக்ளே பேச மாட்டேங்க?"

"அது அம்மா இல்ல."

"பின்ன?"

"அம்மா வெடிச்சுட்டாள்லா. நாந்தான உள்ள வைக்கச் சொன்னேன்."

ஐந்து நாளாக இந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. நான் பக்கத்தில் சுவர் நேராக நிற்கவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் நானும் நுழைந்தேன். பாதிதான் நுழைய முடிந்தது. வைத்தது நீயில்லை மக்ளே, அப்பாதான், அது மண்ணு, அம்மா அங்கே நல்லா இருக்கா என்று சொன்னேன். நம்பவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். முதுகு பிடித்துக்கொண்டது. அழுதேன்.

நவம்பர் 11

பிரீடா டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகள் போனது, பொய் சொன்னது, கன்னத்தில் வைத்தது, சில்லென்று இருந்தது, ஆன்சி சொன்னது, தொப்பி.

பிரீடா சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

"பச்ச மண்ணக் கொண்டு தீயில வச்சியளா? நீங்க?"

"நான்தான்."

"எதுக்குங்க?"

"அவ வெட்ட விடல. எனக்கும் வெட்ட மனசு வரல பிள்ளே."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு நர்ஸ் குரல் வந்துவிட்டது. "சரி. நான் வெடிக்கலன்னு அவளுக்குக் காட்டணும், அவ்ளோதான? நாளைக்கு சாயங்காலம் டியூட்டி முடிஞ்சி போனுல வாறேன். மண்ணு ரெடியா வைங்க. அவளையே திருப்பிச் செய்யச் சொல்லுவோம். நான் முன்னால உக்காருதேன்."

"பெட்டி செய்யணும் பிள்ளே. நாளு கிடையாது. கமிட்டிக்கு ஒண்ணுமே—"

"பெட்டி கிடக்கட்டுங்க."

நவம்பர் 12

தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தேன். பிரீடா தன் அறையில், கட்டில் ஓரத்தில், யூனிஃபார்மும் பச்சைத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள். ஆன்சி என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள்.

"ஆன்சிக்குட்டி, அம்மாவுக்கு மூக்கு எப்படி இருக்கு பாத்துச் சொல்லு. பெருசா, சின்னதா?"

முதுகுக்குப் பின்னாலிருந்து, "பெருசு" என்று வந்தது.

இந்தத் தடவை உருண்டை இல்லை. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, வட்டம் வட்டமாக மேலே மேலே அடுக்கி, காலிலிருந்து ஏற்றுகிறோம். உள்ளே காலியாகவே வளரும். அறுக்க வேண்டியதில்லை. கயிறு உருட்டுவது நான். அடுக்குவதும் அழுத்துவதும் ஆன்சி. நான் ஒரு இடத்தைக் கொஞ்சம் சீராக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

நவம்பர் 14

முகம் வரை ஏறியிருக்கிறது. ஆன்சிக்குப் பயம் போய்விட்டது, அதிகாரம் வந்துவிட்டது.

"அசையாதம்மா!"

"கொசு கடிக்கு மக்ளே."

"கடிச்சா கடிக்கட்டும்."

தனகோடி போனுக்குள் தலையை நீட்டி, "மேடம், இங்க ஒரே ராஜ்யம்தான், உங்க பொண்ணு ராஜ்யம்" என்றார். பிரீடா ஆடாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தாள். கன்னத்தில் ஒரு குழி விழும் அவளுக்கு. அதை மறந்தே போயிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தச் சொன்னேன் ஆன்சியிடம். இந்த ஒரு யோசனையை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

நவம்பர் 16

தொப்பி வைத்து முடித்தாகிவிட்டது. இனிமேல் எதைச் செய்தாலும் காயாது. கோணல் சுவரோடு நின்ற புதுப் பெட்டிகளைப் பிசைந்து மண் தொட்டியில் போட்டுவிட்டேன். கமிட்டிக்குக் காட்டப் பிழைத்த பெட்டிகள் இரண்டுதான்.

நவம்பர் 20

ஆன்சி காலையும் மாலையும் போய் அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துவிட்டு வருகிறாள். "இன்னும் காயல" என்று என்னிடம் அறிக்கை கொடுக்கிறாள். அவள் காய்ந்துவிட்டது என்று சொல்லாமல் சூளையைப் பற்றவைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 23

காய்ந்துவிட்டதாம். நானும் வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. பற்றவைத்தேன். மூன்று பேரும் சத்தத்துக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம், மூன்றாவது ஆள் போனில். சத்தம் எதுவும் வரவில்லை.

நவம்பர் 25

சூளையைத் திறந்தேன். பெரிய மூக்கோடும் கன்னக்குழியோடும் செம்மண் நிறத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆன்சி போனைப் பிடுங்கி, "அம்மா, நீ வெடிக்கல!" என்று கத்தினாள்.

இன்றுதான் பிரீடா ஆஸ்பத்திரியில் பதில் சொல்ல வேண்டிய நாள். நான் கேட்கவில்லை. ஆன்சி விளையாடப் போன பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"காலையிலயே போயிச் சொல்லிட்டேன். கையெழுத்துப் போடல."

"பிள்ளே, கமிட்டி இன்னும் வரல. காட்டதுக்கு ரெண்டு பெட்டிதான் இருக்கு. இந்தத் தடவ கிடைக்காது, எனக்கே தெரியும்."

"கிடைக்காட்டா போட்டும். நீங்க ஜெயிச்சா நான் வாறதுன்னு வச்சிருந்தோம்லா, அது சரியில்லங்க. உங்க தலையில எதுக்கு அத ஏத்தணும்? அஞ்சு நாளா அவ என்ன உக்கார வச்சிப் பாத்தா. இங்க வந்த பிறகு என்ன யாரும் இவ்ளோ நேரம் பாத்ததில்ல. அந்தக் கண்ண விட்டுட்டு இன்னும் ரெண்டு வருசம் என்னால முடியாது. நாகர்கோவில்லயும் ஆஸ்பத்திரி இருக்கு. சம்பளம் கொறவு. பாத்துக்குவோம்."

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எது கூடுதல் என்று பார்க்கவில்லை. ஆன்சியின் கவுன்களை எடுத்து மடித்து வைத்தேன்.

நவம்பர் 28

கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஏன் இரண்டுதான் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். வயதானவர் பொம்மையைக் காட்டி, "இதுவும் உங்க வேலையா?" என்றார்.

"இல்ல சார். அதுக்கு நான் கையாளு."

ஆன்சி முன்னால் வந்து, அது யார், மூக்கு ஏன் பெரிசு, எந்த ஊரில் இருக்கிறாள் என்று விளக்கினாள். தொடக் கூடாது என்றும் சொன்னாள். பின்னால் கட்டியிருந்த கையை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

டிசம்பர் 2

காஞ்சனா மேடம் கூப்பிட்டுச் சொன்னார். உதவித்தொகை ஒரு வருஷத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. ஊரிலேயே இருந்து செய்யலாம், மண்ணும் சூளைச் செலவும் பிள்ளையைப் பார்க்கும் ஆளும் அவர்கள் தருவார்கள். "ரெண்டு பெட்டிக்கு ஒரு வருஷம் ஜாஸ்தின்னு ஒருத்தர் சொன்னார். எனக்கும் நியாயமாத்தான் பட்டது, டென்சிங்." எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தலையணையை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, எடுத்துக்கச் சொன்னார்.

தனகோடி வாசலில் நின்று ஆன்சியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வேன் கிளம்பும்போது, "சார், புள்ளைக்கு மறக்காம எண்ண வெய்ங்க" என்றார். எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 18

திருவனந்தபுரம் ஏர்போர்ட். விமானம் தாமதம். ஆன்சி கம்பித் தடுப்பில் தொங்கிக்கொண்டு, வரும் ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்து, "அப்பா, உன் பெட்டி! அப்பா, உன் பெட்டி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் என் சாமான் வருகிறது என்று வழிவிட்டார்கள்.

பிரீடா வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஒரே ஒரு பெட்டிதான், கயிறு கட்டினது. எங்களைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டாள். ஓடி வந்தவள், இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். பிள்ளை பயந்துவிடுமோ என்று நினைத்திருப்பாள். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. அசையாமல் இருந்தாள், ஐந்து நாள் போனில் இருந்த மாதிரியே.

ஆன்சி என் கையை விட்டாள். போனாள். மூக்கைப் பார்த்தாள். கன்னக்குழி இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கன்னத்தை அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். பிரீடா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

ஆன்சி ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் போலச் சொன்னாள்.

"சில்லுன்னு இருக்குப்பா. அம்மா இன்னும் காயல."

"இருக்கட்டும் மக்ளே. நீ வச்சுக்கிட்டே இரு."

வைத்துக்கொண்டாள். பிரீடாவுக்குப் பின்னால் தள்ளுவண்டிகள் வழி கேட்டு நின்றன. நான் நகரவில்லை.